பசும்பால் வாங்கிறாக்கள் கவனிக்க
வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் வீட்டுக்கு பசும்பால் எடுக்கிறாக்கள், பால் கைக்கு வந்த உடனயே பொங்கக் காய்ச்சுங்கோ, இல்லாட்டி நேரா பிரிட்ஜில வையுங்கோ, பின்னேரம் காய்ச்சுவம் எண்டு மேசையில விடவேண்டாம்.

ஏனெண்டா மடிவீக்கம் உள்ள மாட்டுப் பாலில ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ் எண்ட பக்டீரியா இருக்கலாம், சிலநேரம் மாடும் நல்லாத்தான் இருக்கும் பாலும் நல்லாத்தான் தெரியும், ஆனா கொழும்பு 30 பாகை வெக்கையில சில மணித்தியாலம் கிடந்தா அது பெருகி நஞ்சை விட்டிடும். காய்ச்சினா பக்டீரியா சாகும், நஞ்சு போகாது, அது 100 பாகையிலயும் தாக்குப்பிடிக்கும். குடிச்சு கொஞ்ச மணித்தியாலத்திலயே சத்தியும் வயித்துவலியும், சின்னப் பிள்ளையள் எண்டா சரியா வாடிப்போயிடுங்கள்.

ஏற்கனவே நாலஞ்சு மணித்தியாலம் வெளியில கிடந்த பாலுக்கு இது சரிவராது, எவ்வளவு காய்ச்சினாலும் பிரயோசனமில்லை, ஊத்திவிடுங்கோ. கட்டிகட்டியா, ரத்தம் கலந்தமாதிரி இருந்தாலும் அப்பிடித்தான். மாட்டுக்கு அன்டிபயோட்டிக் குடுக்கிற நாள்ப் பாலும் வேண்டாம், அந்த மருந்தும் காய்ச்சி முழுசா போகாது, பால்காரரிட்ட கேட்டே வாங்குங்கோ. உடைக்காத யூஎச்டி (கடும் சூட்டில கிருமி நீக்கின) பெட்டிப் பாலுக்கு இதொண்டும் தேவையில்லை, வெட்டினாப் பிறகு மட்டும் பிரிட்ஜில வைச்சாச் சரி.