நலச் சங்கக் கூட்டமைப்பின் ஆண்டுத் திட்டம்: தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் என்று நம் ஊர்களில் தமிழ்ச் சங்கத்துக்கும் கோயில் குழுவுக்கும் நல அமைப்புக்கும் குறைவில்லை. இவற்றின் ஆட்கள் மாகாணச் சமூக மேம்பாட்டுத் துறையின் வட்டார அலுவலர்களோடும் நகராட்சியோடும் ஒன்றாக உட்கார்ந்து, இந்த ஆண்டு எதை முதலில் செய்வது என்று பேசுவது நல்ல வழக்கம்தான். ஆனால் பல கூட்டங்கள் முதியோர், பெண்கள், இளைஞர், போதை, வறுமை என்று ஐந்து தலைப்புகளை எழுதிவிட்டுத் தேநீருக்குப் போய்விடுகின்றன. யாரும் ஆட்சேபிக்கவில்லை என்பதைத் தலைவர் பெருமையாகச் சொல்வார். ஆட்சேபம் வராததற்குக் காரணம், அங்கே எதுவும் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்பதுதான்.

முதல் கோளாறு கூட்டத் தேதியிலேயே இருக்கிறது. அரசின் நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. தேசிய பட்ஜெட் வழக்கமாகப் பிப்ரவரியில் வரும். மாகாண பட்ஜெட் அதற்குப் பிறகு. அந்தத் தொகைகளும் திடீரென்று முளைப்பவை அல்ல. மூன்று ஆண்டுக் கணக்காகப் போடப்பட்டு, துறைகளும் கருவூலமும் பல மாதங்கள் முன்பே பேசி முடித்தவை. நாமோ தைப்பூசக் காவடி, ஈஸ்டர் மாரியம்மன் திருவிழா, புத்தாண்டு எல்லாம் முடிந்து மே மாதத்தில் ஆற அமர உட்கார்ந்து அதே ஆண்டுக்குப் பணம் கேட்கிறோம். பந்தி முடிந்த பிறகு இலை போடச் சொல்கிற கதைதான். அடுத்த ஆண்டுக்கான கோரிக்கையை இந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும். மே மாதக் கூட்டம் கையில் இருக்கும் பணத்தையும் ஆட்களையும் பங்கிடுவதற்குத்தான்.

இரண்டாவது, தவறான கதவைத் தட்டுவது. முதியோர் உதவித்தொகை தாமதமானால் மாகாண அலுவலரைப் பிடித்துக் கேட்கிறோம். அது சாசாவின் வேலை. சாசா (SASSA) என்பது உதவித்தொகைகளை வழங்க தேசிய அரசின் கீழ் உள்ள தனி முகமை. மழலையர் பராமரிப்பும் கல்வியும் 2022 ஏப்ரல் 1 முதல் சமூக மேம்பாட்டுத் துறையிடமிருந்து அடிப்படைக் கல்வித் துறைக்கு மாறிவிட்டன. மழலையர் நிலையங்களுக்கு மானியம் என்று இன்னும் பழைய துறையிடம் தீர்மானம் போட்டு அனுப்பினால் மரியாதையான பதில் வரும், வேறொன்றும் வராது. போதாக்குறைக்கு, குழந்தைப் பராமரிப்பு இடங்கள் அரசமைப்புச் சட்டத்தின் 4ஆம் அட்டவணையில் உள்ளாட்சிப் பொறுப்புகளின் பகுதியிலும் இருக்கின்றன. எனவே ஒவ்வொரு முன்னுரிமைக்கும் பக்கத்தில், கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்று எழுதிவிடுங்கள். பாதிப் பட்டியல் அங்கேயே தெளிந்துவிடும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: குவிந்து கிடக்கும் வேலையைப் பார்த்து அதையே முன்னுரிமை என்று நினைப்பது. வளர்ப்புப் பராமரிப்பு உத்தரவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் தந்தை இறந்த பிள்ளையைப் பாட்டியோ அத்தையோ வளர்க்கிறார்கள். குழந்தைகள் நீதிமன்றம் உத்தரவு தந்தால் வளர்ப்பு உதவித்தொகை கிடைக்கும். 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி அந்த உத்தரவு பொதுவாக இரண்டு ஆண்டுக்கு மேல் நிற்காது. நீட்டிக்கச் சமூகப் பணியாளரின் அறிக்கை வேண்டும். பணியாளர்கள் போதவில்லை, உத்தரவுகள் காலாவதியாயின, பிள்ளைகளின் பணம் நிற்கும் நிலை வந்தது. 2011-இல் உயர் நீதிமன்றம் தலையிட்டு அவகாசம் கொடுத்தது. அதன் பிறகும் அவகாசத்தை நீட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது.

இந்த நிலையில் ஒரு கூட்டமைப்பு எதை எழுதும்? 'நிலுவை உத்தரவுகளைப் புதுப்பித்தல்.' சரிதான், செய்தாக வேண்டும். ஆனால் அதோடு நிறுத்தினால் இரண்டு ஆண்டில் அதே கோப்புகள் அதே மேசைக்கு வரும். 2022-இல் வேறொரு வழி திறந்தது. பெற்றோர் இல்லாத பிள்ளையை வளர்க்கும் உறவினர், குழந்தை ஆதரவு உதவித்தொகையோடு கூடுதல் தொகையும் பெறலாம். வளர்ப்பு உத்தரவுக்காக நீதிமன்றம் போக வேண்டாம். தொடக்கத்தில் ஆதரவுத் தொகை மாதம் 480 ராண்ட், கூடுதல் தொகை 240 ராண்ட். வளர்ப்புத் தொகையைவிடக் குறைவு என்பதை ஒளிக்காமல் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். ஆனாலும் இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாத பாட்டிகளைத் தேடிப் போய், இறப்புச் சான்றிதழ் முதலிய தாள்களைத் திரட்டிக் கொடுத்தால், புதிதாக நீதிமன்ற வரிசையில் சேரும் கோப்புகள் குறையும். உண்மையில் ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்குச் சமூகப் பணியாளருக்கு நேரம் கிடைக்கும். இந்த வேலையைச் சங்கத் தொண்டர்களே செய்யலாம், பட்டியலில்தான் காணோம்.

போதை விஷயத்திலும் இதே கதை. 'சுகர்ஸ்' என்ற ஹெராயின் கலவை 2000களின் நடுவிலிருந்தே சாட்ஸ்வர்த் குடும்பங்களைக் குலைத்துவருகிறது. ஒவ்வொரு ஆண்டும் விழிப்புணர்வு ஊர்வலம், டி-ஷர்ட், பேச்சாளர். ஊர்வலம் போனதால் மட்டும் யாரும் அதை விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. சிகிச்சை முடிந்து திரும்பும் பையன் அதே தெருவுக்குத்தான் வருகிறான். போதைத் தடுப்பு, சிகிச்சை பற்றிய 2008ஆம் ஆண்டுச் சட்டம் சிகிச்சைக்குப் பிந்தைய பராமரிப்பையும் சேவைகளில் ஒன்றாகவே சொல்கிறது. அதற்கு வாரம் ஒரு நாள் ஒரு அறையும் பொறுமையான ஆளும் வேண்டும். புகைப்படத்துக்கு அது எடுபடாது, அதனால் பட்டியலில் ஏறுவதில்லை.

பொறுப்பாளர் இல்லாத முன்னுரிமை என்ன ஆகும் என்பதற்கு நாட்டளவில் ஓர் உதாரணம் உண்டு. உதவித்தொகை வழங்கும் தனியார் ஒப்பந்தம் செல்லாது என்று அரசமைப்பு நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. 2017 மார்ச் 31-இல் அது முடியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். சாசா நிர்வாகம் ஒரு பக்கம், அமைச்சருக்கு நேரடியாக அறிக்கை தந்த குழுக்கள் இன்னொரு பக்கம் என்று வேலை பிரிந்து கிடந்தது. கடைசியில் மார்ச் 17-இல் நீதிமன்றமே அதே ஒப்பந்தத்தை 12 மாதம் நீட்டித்துப் பணம் நிற்காமல் காப்பாற்றியது. தேசிய அரசுக்கே இந்தக் கதி என்றால், 'துணைக்குழு பார்த்துக்கொள்ளும்' என்று எழுதும் நம் நிலை என்ன? ஒரு வேலைக்கு ஒரு பெயர், ஒரு தேதி. இரண்டு பேரைப் போட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம், ஆண்டு முழுவதையும் அடைத்துவிடக் கூடாது. 2022 ஏப்ரல் வெள்ளம் வந்தபோது நிதியாண்டு தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டொங்காட்டில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. 2024 ஜூன் 3-இல் அதே ஊரைச் சுழல்காற்று (டொர்னாடோ) தாக்கியது. இனி 'எதிர்பாராத பேரிடர்' என்று அறிக்கையில் எழுத முடியாது. சமையல் பாத்திரம், அரிசி, வாகனம் யாரிடம், சாவி யாரிடம் என்ற பட்டியலையும் தொடாத ஒரு தொகையையும் ஆண்டின் தொடக்கத்திலேயே ஒதுக்கிவையுங்கள்.

இத்தனைக்கும் நடுவே ஒரு சலிப்பான வேலையையும் எழுதிக்கொள்ளுங்கள். பதிவு பெற்ற லாப நோக்கற்ற அமைப்பு, தன் நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் தேசியச் சமூக மேம்பாட்டுத் துறைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பதிவே ரத்தாகலாம். அப்படி ரத்தானால் மானியம் கேட்கவே வழியிருக்காது. பொருளாளர் மாறும் ஆண்டில் இதைக் குறிப்பாகக் கவனியுங்கள், பழைய ரசீதுகள் பெரும்பாலும் பழைய பொருளாளரின் வீட்டில்தான் இருக்கும்.