திருப்பத்துக்கு முந்தைய நாள்: சொந்தக் கதையை மேடையில் சொல்ல ஒரு வழிகாட்டி

மேடையில் தங்கள் சொந்தக் கதையைச் சொல்ல வருபவர்களைத் தயார் செய்வதுதான் என் வேலை. வருகிறவர்களில் பெரும்பாலானோர் எடுத்த எடுப்பிலேயே அந்த நாளுக்குப் போய்விடுவார்கள். விபத்து நடந்த நாள், பரிசோதனை முடிவு வந்த நாள், நடுராத்திரியில் தொலைபேசி அடித்த நாள். சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: "சரி, அதற்கு முந்தைய நாள் உங்கள் மனசில் என்ன ஓடிக்கொண்டிருந்தது?" பலருக்கும் கதை அங்கேதான் பிடிபடத் தொடங்கும்.

எதிர்பாராதது நடந்தது என்றால், வேறு ஏதோ ஒன்றை எதிர்பார்த்திருந்தீர்கள் என்று அர்த்தம். அது என்னவென்று கேட்பவருக்குத் தெரியாவிட்டால், உங்கள் வாழ்க்கையையே மாற்றிய சம்பவம் அவருக்கு வெறும் செய்திதான். பாவம் என்பார், அடடா என்பார், மறந்துவிடுவார். நீங்கள் யாராக இருந்தீர்கள், எதை நம்பினீர்கள், அன்று காலை எதற்காகக் கிளம்பினீர்கள் என்பதை முதலில் காட்டுங்கள்.

இந்த வகை மேடைகளில் இன்று பலருக்கும் தெரிந்தது 'தி மாத்'. எழுத்தாளர் ஜார்ஜ் டாஸ் கிரீன் 1997இல் நியூயார்க்கில் தன் வீட்டு வரவேற்பறையில் நண்பர்களைக் கூட்டி ஆரம்பித்தது. அதன் போட்டி இரவுகளுக்கென்று சில விதிகள் உண்டு. ஒரு தலைப்பு கொடுப்பார்கள். சொல்ல விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்க, குலுக்கிப் போட்டுப் பத்துப் பேரை அழைப்பார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம். பார்வையாளர்களிலிருந்தே நடுவர்கள். கதை உண்மையாக இருக்க வேண்டும், சொல்பவருக்கே நடந்ததாக இருக்க வேண்டும், கையில் காகிதம் கூடாது. வேறு பல மேடைகளும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கின்றன. காகிதம் கூடாது என்ற விதியைக் கண்டுதான் எல்லோரும் பயப்படுவார்கள். என்னைக் கேட்டால், இருப்பதிலேயே நல்ல விதி அதுதான். காகிதம் இருந்தால் அதைப் பார்த்துப் பேசுவோம். இல்லாவிட்டால் எதிரே இருப்பவர்களைப் பார்த்துப் பேசித்தான் ஆக வேண்டும்.

எந்தக் கதையைச் சொல்வது? பெரிய சம்பவத்தைத் தேடி அலைய வேண்டாம். "முன்பு நான் இப்படி நினைத்தேன், அதற்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை." இந்த வாக்கியத்தை உண்மையாக நிரப்ப முடிந்தால் கதை இருக்கிறது. முடியாவிட்டால், சம்பவம் எவ்வளவு பயங்கரமானதாக இருந்தாலும் அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

ஓர் இளைஞரின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அவருடைய சம்மதத்தோடுதான். முதல் தடவை அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஒருநாள் ஆபீஸ் லிஃப்டில் என் மேலதிகாரியோடு மாட்டிக்கொண்டேன். அவர் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றோடு அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது."

முந்தைய நாளைப் பற்றிக் கேட்டேன். ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாராம். ஏன்? வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த அதிகாரி அவரை ஒருமுறைகூடப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "அந்த மூணாவது டேபிள் பையன்" என்பாராம். கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி. அதைக் காரமாக எழுதுவதும், அழிப்பதும், இன்னும் காரமாக எழுதுவதுமாக ராத்திரி முழுவதும் உட்கார்ந்திருக்கிறார். காலையில் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். லிஃப்டில் ஏறினால், கடிதம் யாருக்கோ அவரே பக்கத்தில் நிற்கிறார். கதவு மூடுகிறது.

இப்போது லிஃப்ட் நிற்கட்டும். சம்பவம் மாறவில்லை, திருப்பத்தில் புதிதாக ஒன்றையும் சேர்க்கவில்லை. ஆனால் பையில் ஒரு கடிதம் இருப்பது கேட்பவருக்குத் தெரியும். அதனால் அந்தப் பெட்டிக்குள் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் எடை வந்துவிடுகிறது.

அதற்குப் பிறகுதான் நுணுக்கம். "லிஃப்ட் நின்றதும் என்ன கேட்டது?" என்றேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: மின்விசிறி நின்றுவிட்டது, அந்த அமைதியில் பக்கத்தில் இருப்பவர் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. "அவரும் மூச்சு விடுகிற ஆள் என்று அதுவரைக்கும் எனக்குத் தோன்றினதே இல்லை" என்றார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. உட்கார்ந்து எழுதியிருந்தால் இந்த வரி வந்திருக்காது. ஒரு புலனைப் பிடித்துக் கேளுங்கள்: என்ன கேட்டது, என்ன வாசனை, கை எங்கே இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் கதைக்குள் கொட்டிவிடாதீர்கள். லிஃப்டின் நிறம், எந்த மாடி, எத்தனை மணி என்று அவர் சொன்னதையெல்லாம் எடுத்துவிட்டோம். விசிறி மட்டும் போதுமாக இருந்தது.

இந்த இடத்தில் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளரை நினைத்துக்கொள்வேன். 1960களில் நியூயார்க்கில் மக்களின் இயல்பான பேச்சைப் பதிவு செய்ய முயன்றவர். ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்ததும் எல்லோரும் திருத்தமாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். செத்தே போய்விடுவோம் என்று நினைத்த தருணம் ஏதாவது உண்டா என்று கேட்டால்தான் கருவியை மறந்துவிட்டுப் பேசினார்கள். அப்படிச் சொன்ன கதைகளை ஆராய்ந்து, ஜோஷுவா வாலட்ஸ்கியோடு சேர்ந்து 1967இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதிலிருந்து நமக்கு உதவுவது இது: தேர்ந்த கதைசொல்லிகள் உச்சத்துக்குச் சற்று முன்னால் சம்பவத்தை நிறுத்தி, அப்போது தன் மனநிலை என்ன, அது ஏன் முக்கியம் என்று காட்டுகிறார்கள். நாமோ சரியாக அங்கேதான் அவசரப்படுவோம். அவசரப்படாதீர்கள். கையைப் பிடிப்பதற்கு முன்னால் அந்த மூச்சுச் சத்தம் கேட்கட்டும்.

அடுத்து, உண்மை. அதிர்ச்சியான தருணங்கள் அப்படியே மனதில் பதிந்திருக்கும் என்று நம்புகிறோம். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. செய்தியை எங்கே, எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்று எமரி பல்கலைக்கழக மாணவர்களை மறுநாளே எழுதச் சொன்னார் உளவியலாளர் உல்ரிக் நைசர். சுமார் இரண்டரை ஆண்டு கழித்து, அவரும் நிக்கோல் ஹார்ஷும் அவர்களில் ஒரு பகுதியினரிடம் அதே கேள்வியைக் கேட்டார்கள். பலருடைய பதில் தாங்களே முதலில் எழுதியதோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் சொன்ன தொனியில் சந்தேகமே இல்லை.

அதனால் கதையைத் தேர்ந்ததும் ஒருமுறை சரிபாருங்கள். கூட இருந்தவரைக் கேளுங்கள், பழைய குறுஞ்செய்திகளையும் புகைப்படங்களையும் தேடிப் பாருங்கள். உரையாடல் எழுத்துக்கு எழுத்து நினைவிருக்காது, பரவாயில்லை. உங்கள் நினைவில் இருப்பதை நேர்மையாகச் சொன்னால் போதும். ஆனால் மழை பெய்யாத நாளில் மழையைக் கொண்டுவரக் கூடாது. கதை கொஞ்சம் தூக்கலாக இருக்குமே என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்தாலும், மேடையில் அந்த இடம் வரும்போது குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

கதையில் வரும் மற்றவர்களுக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம். உயிரோடு இருப்பவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவருடைய ரகசியம் உங்கள் கதைக்குத் தேவையே இல்லை என்பது பெரும்பாலும் யோசித்தால் தெரிந்துவிடும்.

ஆறிய தழும்பை மேடையில் காட்டலாம், ஆறாத புண்ணைக் காட்ட வேண்டாம் என்று இந்தத் துறையில் ஒரு பேச்சு உண்டு. எது ஆறியது என்று தெரிந்துகொள்ள நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். நெருங்கிய ஒருவரிடம் கதையைச் சொல்லிப் பாருங்கள். நடுவில் அவர் "அப்புறம்?" என்று கேட்டால் தாராளமாக மேடை ஏறலாம். உங்கள் தோளைத் தொட்டு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டால், இன்னும் கொஞ்ச காலம் போகட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தக் கதை எங்கும் போய்விடாது.

பயிற்சிக்கு வருவோம். முழுவதையும் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சொல் நழுவினாலும் பின்னால் வருவதெல்லாம் சரிந்துவிடும். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். நடுவில் உள்ளவற்றைக் காட்சிகளாக வைத்துக்கொள்ளுங்கள்: கடிதம், கதவு, விசிறி, கை. நடந்துகொண்டே வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அதே தமிழில் சொல்லுங்கள். மேடை என்றதும் "ஆகவே", "எனினும்" என்று நாக்கு தானாகப் போகும். அங்கேயே நிறுத்தித் திரும்பச் சொல்லுங்கள். கைபேசியில் பதிவு செய்து கேட்டால் எந்த இடத்தில் ஓடுகிறீர்கள் என்று தெரியும். பெரும்பாலும் வலிக்கிற இடத்தில்தான் ஓடுவோம். ஐந்து நிமிட மேடைக்கு நான்கு நிமிடக் கதை போதும், சிரிப்புக்கும் மௌனத்துக்கும் மிச்ச நேரம் வேண்டும்.

ஆரம்பத்தில் வணக்கம், முன்னுரை, "இன்று நான் சொல்லப்போவது" எதுவும் வேண்டாம். கடிதத்தை மடிப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். முடிவுதான் கடினம். அந்த இளைஞர், மனிதர்களை மேலோட்டமாக எடைபோடக் கூடாது என்று சொல்லி முடிக்க ஆசைப்பட்டார். அதைக் கேட்பவர்கள் ஏற்கெனவே புரிந்துகொண்டிருப்பார்கள், நீங்கள் சொன்னால் அவர்களிடமிருந்து பறித்த மாதிரி ஆகிவிடும் என்றேன். பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன். "அடுத்த வாரம் கடிதத்தைக் கொடுத்தேன். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டேன்." கதை அங்கே முடிந்தது.

மேடையில் மறந்துவிட்டால் பேசாமல் நில்லுங்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும். அடுத்த காட்சியைப் பிடித்துக்கொண்டு தொடருங்கள், "மன்னிக்கவும்" வேண்டாம். அழுகை வந்தாலும் அதேதான்: நிறுத்துங்கள், மூச்சு விடுங்கள், தொடருங்கள். கடைசி வாக்கியத்தைச் சொன்னதும் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள். கைதட்டலைப் பார்த்து இன்னொரு வாக்கியம் சேர்க்கத் தோன்றும், சேர்க்காதீர்கள்.

குலுக்கலில் உங்கள் பெயர் வராமலும் போகலாம். அதற்காக, அடுத்த முறை கொடுக்கும் தலைப்புக்கு ஏற்ப இந்தக் கதையை வளைக்க வேண்டாம். அந்தத் தலைப்புக்கு இன்னொரு கதையைத் தயார் செய்யுங்கள், இது இதற்கான இரவு வரும்வரை இருக்கட்டும்.