தார்ப்பாய்க்கு ஏற்றி இறக்கும் கம்பு

25 மி.மீ. பிவிசி வயரிங் பைப்புக்குள் 20 மி.மீ. பைப்பைச் செருகினால், முகாமில் தார்ப்பாய் கட்ட ஏற்றி இறக்கும் கம்பு தயார். இரண்டையும் மூன்றரை அடியாக வெட்டுங்கள். மீடியம் (நடுத்தரத் தடிமன்) ரகமாகக் கேட்டு, கடையிலேயே செருகிப் பார்த்து வாங்குவது நல்லது. உள் பைப்பில் நீளவாக்கில் ஒரு கோடு போட்டு, அதன் மேலேயே 4 அங்குலத்துக்கு ஒன்றாக, மறுபக்கம் வரை ஊடுருவும்படி துளையிடுங்கள். கோடு இல்லாவிட்டால் துளைகள் நேராக அமையாது, போல்ட் நுழையாமல் சண்டித்தனம் செய்யும். வெளிப் பைப்பின் மேல்முனையிலிருந்து 2 அங்குலம் கீழே ஒரு துளை போதும். 5 மி.மீ. போல்ட் செருகினால் உயரம் நிற்கும்.

இழுத்துக் கட்டிய கயிறு கம்பைக் கீழ்நோக்கித்தான் அழுத்துகிறது. அந்தப் பாரத்தைப் போல்ட் தாங்கிக்கொள்ளும். எவ்வளவு நீட்டினாலும் ஓரடியாவது உள்ளேயே இருக்கட்டும், இல்லையேல் இணைப்பில் வளையும். மழை வந்தால் ஒரு பக்கத்தை இரண்டு துளை இறக்குங்கள், தண்ணீர் தேங்காமல் வழிந்துவிடும்.

பலத்த காற்றடிக்கும் மலைமுகட்டுக்கும் கடற்கரைக்கும், பெரிய கனத்த தார்ப்பாய்க்கும் இது ஆகாது. அங்கே இரும்புக் குழாய்தான்.