திருக்கையையும் மட்டியையும் ஒப்பிட: தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள்

நோட்டின் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் 'முதுகெலும்பு உண்டு', அந்தப் பக்கம் 'இல்லை' என்று எழுதினால் மார்க் வரும், விலங்கு புரியாது. காரைக்குடியில் டியூஷன் எடுக்கும் நான் பெற்றோரிடம் கேட்பது ஒன்றுதான்: தொண்டிப் பக்கத்து மீன் வரும் நாளில் ஒரு சின்னத் திருக்கையும் ஒரு கை மட்டியும் வாங்கி வாருங்கள். திருக்கை முழுசாக வேண்டும். வாலில் முள் இருந்தால் கடையிலேயே வெட்டிவிடச் சொல்லுங்கள். செத்த பிறகும் அதில் விஷம் உண்டு.

இரண்டையும் தாம்பாளத்தில் வைத்து, தண்ணீர் எப்படி உள்ளே போய் எப்படி வெளியே வருகிறது என்று மட்டும் தேடுங்கள்.

திருக்கையைக் கவிழ்த்தால் வாய்க்கு மேல் இரண்டு குழி தெரியும். எல்லாப் பிள்ளையும் அதைக் கண் என்றே சொல்லும். அது மூக்கு, கண் முதுகுப் பக்கம். கண்ணுக்குப் பின்னால் ஒரு துளை இருக்கும், அதில் ஈர்க்குச்சியை மெதுவாக விட்டுப் பாருங்கள். மணலில் படுத்திருக்கும்போது வாயால் இழுத்தால் மணலும் சேர்ந்து வரும் அல்லவா? அதனால் மேல் துளையில் இழுத்து, அடியில் உள்ள ஐந்து ஜோடி செவுள் பிளவுகளில் விடுகிறது. இந்தச் செவுளுக்கு மூச்சு விடுவதுதான் வேலை.

மட்டிக்குத் தலையே கிடையாது. லிட்டருக்கு 30 கிராம் கல்லுப்புக் கரைத்த தண்ணீரில் போட்டுத் தொந்தரவு செய்யாமல் விட்டால், உயிருள்ளது ஓட்டு விளிம்பில் இரண்டு குழல் நீட்டும். ஒன்றில் தண்ணீர் உள்ளே, மற்றதில் வெளியே. இதன் செவுள் மூச்சும் விடும், தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை அரித்து இரையும் சேர்க்கும். திறந்து கிடந்து, தட்டினாலும் மூடாதது செத்த மட்டி: ஓடுகளை மூடிப் பிடிப்பது தசை, அது தளர்ந்தால் கீல் பக்கத்து நார் தானாகத் திறந்துவிடும். அதைச் சமைக்காதீர்கள்.

அப்புறம் எலும்பு. திருக்கையின் நடுத்தண்டைக் கத்தியால் அறுங்கள், சுலபமாக இறங்கும், ஏனென்றால் அது குருத்தெலும்பு. மட்டி ஓடு சுண்ணாம்புச் சத்து. நம் ஊர்ப் பழைய வீட்டுச் சுவர்ப் பூச்சுக்குச் சிப்பியைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள்.

நெடியிலும் விஷயம் உண்டு. கடல் உப்புக்கு ஈடுகொடுக்கத் திருக்கை உடம்பில் யூரியாவை வைத்திருக்கிறது. செத்தபின் அது அம்மோனியா ஆகும். மட்டியின் உடல்நீர் கடல்நீர் அளவுக்கே உப்பு, அதனால் அதற்கு அந்த ஏற்பாடு தேவையில்லை.

கடைசியாகத் திருக்கையின் வாய்க்குள் பென்சில் முனையால் தடவுங்கள். குத்தும் பல் இருக்காது, தட்டையான பல்வரிசைதான். மட்டி ஓட்டை நொறுக்கித் தின்ன அது போதும்.