மரச் சேடில்: எடையைக் குறைக்கும்போது நடக்கும் தவறுகள்

அமெரிக்காவின் பொது நிலங்களில் வில்லோடு வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவர்களில் பலர், சீசன் முழுக்க ஒரே மரத்தில் இரும்பு இருக்கையைக் கட்டிவைத்துக் காத்திருப்பதில்லை. காலையில் ஒரு மரம். காற்று திரும்பினால் மாலையில் வேறொரு மரம். கட்டியதை அன்றன்றே கழற்றிவிட வேண்டும் என்று பல மாநிலங்களின் பொது நிலங்களில் விதியும் இருக்கிறது. அதனால்தான் மரச் சேடிலுக்கு இவ்வளவு மவுசு. இடுப்பையும் தொடையையும் ஏந்துகிற துணித் தொட்டில் அது. அதன் முன்பக்கம் இருக்கும் பிரிட்ஜ் கயிற்றை, மரத்தைச் சுற்றிக் கட்டிய டெதர் கயிற்றோடு காராபினர் என்ற உலோகக் கொக்கியால் இணைக்க வேண்டும். பிறகு சின்ன பிளாட்ஃபார்மில் காலை ஊன்றி, மரத்தைப் பார்த்தபடி சாய்ந்தோ உட்கார்ந்தோ இருக்கலாம். (இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை உண்டு. இங்கே சொல்வதெல்லாம் உரிமம் வாங்கி வேட்டையாடும் அமெரிக்க மாநிலங்களுக்கு.)

தராசில் எதை வைப்பது?

முதல் தவறு கடையிலேயே நடக்கிறது. இந்தச் சேடில் 1.1 கிலோ, அந்தச் சேடில் 600 கிராம் என்று ஒப்பிட்டு அரைக் கிலோ லாபம் என்று வாங்கிவிடுகிறார்கள். சுமப்பது சேடிலை மட்டும் அல்ல. நடுத்தரமான ஒரு செட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: சேடில் 700 கிராம், கயிறுகளும் காராபினர்களும் 900 கிராம், பிளாட்ஃபார்ம் 1.4 கிலோ, ஸ்டிக் எனப்படும், மரத்தில் கட்டி ஏறும் குட்டை ஏணித்துண்டுகள் மூன்று 2.7 கிலோ. ஆக 5.7 கிலோ. கிட்டத்தட்டப் பாதி எடை ஸ்டிக்குகளில் இருக்கிறது. குறைக்க வேண்டியதும் முதலில் அங்கேதான், பிறகு பையில் கிடக்கும் தேவையில்லாத சாமான்களில். கயிற்றிலும் காராபினரிலும் கை வைத்தால் மிச்சமாவது நூறு, இருநூறு கிராம். அதற்குக் கொடுக்கும் விலை மிகப் பெரியது.

கயிறுகளில்தான் ஆபத்து அதிகம்

இரண்டு கயிறுகள் தேவை, இரண்டுக்கும் வேலை வேறு. ஏறும்போது இடுப்பின் இரு பக்க வளையங்களிலிருந்து மரத்தைச் சுற்றிப் போவது லைன்மேன் கயிறு. மின்கம்பத்தில் ஏறும் லைன்மேன் கட்டிக்கொள்ளும் பட்டையிலிருந்து வந்த பெயர் இது. இரண்டு கையையும் விட்டு வேலை செய்ய இது உதவும். ஆனால் கால் வழுக்கினால் கயிறு தண்டோடு சறுக்கிக் கீழே வரும். விழுவதை நிறுத்தும் என்று நம்ப முடியாது. ஆகவே டெதரையும் தலைக்கு மேலே நகர்த்திக்கொண்டே ஏறுவது நல்லது. கிளை குறுக்கிட்டால் முதலில் டெதரைக் கிளைக்கு மேலே கட்டி, அதில் உடல் எடையைப் போட்டுப் பார்த்த பிறகே லைன்மேன் கயிற்றை அவிழ்க்க வேண்டும். தரையை விட்ட நொடி முதல் மறுபடி தரையைத் தொடும் வரை ஏதாவது ஒரு கயிறு உங்களைப் பிடித்திருக்க வேண்டும்.

நீளத்தைப் பலர் கணக்குப் போடுவதே இல்லை. 60 செ.மீ. விட்டமுள்ள ஓக் மரத்தின் சுற்றளவு சுமார் 1.9 மீட்டர். டெதர் 2.4 மீட்டர் என்றால் மரத்தைச் சுற்றியது போக அரை மீட்டர்தான் மிச்சம். அதற்குள் புருசிக் முடிச்சும் (கயிற்றில் நகர்த்தலாம், எடை விழுந்தால் கவ்விக்கொள்ளும்) அதன் கீழே கயிற்று நுனியில் ஒரு தடுப்பு முடிச்சும் அடங்க வேண்டும். அதைவிடப் பருத்த மரத்துக்கு இந்தக் கயிறு போதாது. எடைக்காகக் கயிற்றை 1.8 மீட்டராக வெட்டியவருக்கு அந்த மரமே கிடையாது.

அடுத்தது தடிமன். 11 மி.மீ. கயிற்றுக்குப் பதில் 8 மி.மீ. கயிறு எடுத்தால் பையில் இடம் கணிசமாக மிச்சமாகும். ஆனால் 8 மி.மீ. என்று சொல்லி விற்கும் எல்லாமே உயிர் தாங்கும் கயிறு அல்ல. நீட்சி குறைந்த, அராமிட் இழை உறையிட்ட, தாங்குதிறன் அச்சிட்ட கயிறாகப் பாருங்கள். கயிற்றை மாற்றினால் அதைப் பிடிக்கும் பொருளையும் மாற்ற வேண்டும். இங்கேதான் கவனம் தவறுகிறது. புருசிக் கட்டும் சிறு கயிறு, பிரதான கயிற்றின் தடிமனில் 60 முதல் 80 சதவீதம் இருந்தால் நன்றாகக் கவ்வும்: 8 மி.மீ. கயிற்றுக்கு 6 மி.மீ., 11 மி.மீ. கயிற்றுக்கு 7 அல்லது 8. இரண்டும் ஏறக்குறைய ஒரே தடிமன் என்றால் வழுக்கும். புருசிக்குப் பதில் உலோகப் பிடிப்பான் வைத்திருந்தால் அதன் மேல் எந்தத் தடிமன் வரம்பு பொறித்திருக்கிறது என்று பாருங்கள். 10 மி.மீ.க்கு மேல் என்று எழுதியதை 8 மி.மீ. கயிற்றில் போடக் கூடாது.

டைனீமா இழையில் பின்னிய ஆம்ஸ்டீல் கயிறு இறகு போல லேசானது. இழுவலிமையும் மிக அதிகம். அதனாலேயே அதை எல்லா இடத்திலும் கட்டிவிடுகிறார்கள். அந்த இழை வழவழப்பானது, சாதாரண முடிச்சு நழுவும். நழுவாவிட்டாலும் முடிச்சு போட்ட இடத்தில் வலிமை பாதி அளவுக்கும் கீழே இறங்கிவிடும். அதைக் கயிற்றுக்குள் கயிறு புதைத்துப் பின்னி இணைக்க வேண்டும், முடிச்சுப் போடக் கூடாது. சுமார் 145 பாகை செல்சியஸிலேயே அது உருகிவிடும் என்பதால், உரசும் முடிச்சுக்கும் இறங்கும் கருவிக்கும் அதைப் பயன்படுத்தவே கூடாது. ஸ்டிக்கை மரத்தோடு கட்டுவதற்கும், தயாரிப்பாளரே பின்னிக் கொடுத்த பிரிட்ஜுக்கும் சரி.

எந்தக் கயிறானாலும் தளர்வு விடாதீர்கள். நீட்சியே இல்லாத கயிற்றில் அரை மீட்டர் விழுந்தாலும் அதிர்ச்சி முழுக்க உடலுக்கும் காராபினருக்கும்தான் போகும். பிளாட்ஃபார்மில் நிற்கும்போது டெதர் கட்டு நெற்றி உயரத்திலோ அதற்குச் சற்று மேலோ இருந்து, கயிறு எப்போதும் விறைப்பாக இருக்கட்டும்.

காராபினர் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மலையேறுபவர்களுக்கான, பூட்டு உள்ள காராபினர் வாங்குங்கள். பொதுவாக அதன் நீளவாக்கில் 22 கிலோநியூட்டன் போல எழுதியிருக்கும். அதாவது சுமார் 2,200 கிலோ எடை. அதே காராபினர் குறுக்காகத் திரும்பினால் தாங்குவது ஏறத்தாழ 7 கிலோநியூட்டன்தான். எடையைப் போடும் முன் அது நேராக இருக்கிறதா, பூட்டு விழுந்ததா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். சாவிக்கொத்து வளையம் சாவிக்குத்தான்.

இடுப்பு வலிக்கிறது என்றால்

சேடிலின் அளவைப் பேண்ட் நம்பரை வைத்துத் தேர்ந்தெடுத்தால் தவறும். நவம்பர் குளிரில் போடும் உடைகளை எல்லாம் போட்டுக்கொண்டு, இடுப்பின் மிக அகலமான இடத்தில் டேப் வைத்து அளக்க வேண்டும். இரண்டு பக்க எலும்பையும் கிடுக்கி போட்டது போல நெரிக்கிறது என்று சொல்லிப் புதுச் சேடிலை விற்றுவிடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் குற்றம் சேடிலில் இல்லை. பிரிட்ஜ் குட்டையாக இருந்தால் துணியின் ஓரங்களை உள்பக்கமாக இழுத்து நெரிக்கும். அதை 10 செ.மீ. நீட்டுங்கள், டெதரையும் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பாருங்கள். டெதர் உயர்ந்தால் உட்கார்ந்த நிலை, எடை தொடைக்குப் போகும். தாழ்ந்தால் சாய்ந்த நிலை, எடை பாதத்துக்குப் போகும். இரண்டு துண்டாகப் பிரியும் சேடில் சற்றுக் கனம், ஆனால் ஒரு துண்டைத் தொடைக்கு இறக்கி ஒன்றை இடுப்பில் வைக்கலாம். நாள் முழுக்க உட்காருகிறவருக்கு அந்தக் கூடுதல் எடை நியாயமானது. இரண்டு மணி நேரம் மட்டும் காத்திருப்பவருக்கு ஒற்றைத் துண்டு போதும்.

பிளாட்ஃபார்ம் விஷயமும் இதே மாதிரிதான். உள்ளங்கை அகலப் பிளாட்ஃபார்மில் மெல்லிய அடிப்பாகம் உள்ள காலணியோடு நின்றால் இரண்டாவது மணியில் பாதம் மரத்துப்போகும். பிறகு கால் மாற்றுவீர்கள். மான் அதைப் பார்க்கும்.

ஸ்டிக்: எத்தனை போதும்?

50 செ.மீ. ஸ்டிக் மூன்றை இடைவெளி விட்டுக் கட்டினால் சுமார் 3 மீட்டர் உயரம் வரை போகலாம். நான்காவது ஸ்டிக் வாங்காமல், ஒவ்வொன்றின் கீழும் ஏய்டர் என்ற கயிற்றுப் படியைத் தொங்கவிட்டால் ஒவ்வொன்றுக்கும் அரை மீட்டர் கூடும். சில நூறு கிராம் எடையில் 4.5 மீட்டர் தொட்டுவிடலாம். எடை குறைக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஏய்டரில் கால் உள்ளே சறுக்கும் என்பதால் அதைத் தரைக்கு அருகில், கயிறு கட்டிய நிலையிலேயே பழகுங்கள். ஸ்டிக்கைக் கட்டியதும் கீழ்நோக்கி வேகமாக இழுத்து அதன் பற்களை மரத்தில் அழுத்த வேண்டும். அந்த ஒரு இழுப்பைச் சோம்பல்பட்டு விட்டால் ஸ்டிக் பக்கவாட்டில் உதைத்துக்கொண்டு சுழலும்.

ஒற்றை ஸ்டிக்கில் ஏறி, டெதரில் தொங்கி, கீழே உள்ள ஸ்டிக்கை மேலே தூக்கிக் கட்டும் முறை மிகவும் லேசானது. ஆனால் இறங்க வேறு கயிறு வேண்டும். 6 மீட்டர் உயரத்துக்கு, மரத்தைச் சுற்ற 1.5 மீட்டரும் நுனிக்குக் கொஞ்சமும் சேர்த்து 9 மீட்டராவது வைத்துக்கொள்ளுங்கள். நுனியில் கட்டாயம் தடுப்பு முடிச்சு போடுங்கள். இந்தக் கயிற்றின் எடையைச் சேர்த்தால் மூன்று ஸ்டிக் முறைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடும். சேடிலுக்குப் புதியவர் முதல் சீசனில் இதைத் தொடாமல் இருப்பதே எங்கள் பரிந்துரை.

மரம்

எவ்வளவு நல்ல சாமானும் செத்த மரத்தில் பயன்படாது. 2002இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட எமரால்ட் ஆஷ் போரர் என்ற வண்டு பல மாநிலங்களில் ஆஷ் மரங்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. செத்த ஆஷ் சீக்கிரமே உளுத்து முறியும். ஷேக்பார்க் ஹிக்கரி உயிரோடிருந்தாலும் அதன் பட்டை தகடு தகடாகப் பெயரும்; ஸ்டிக் நழுவும், சத்தமும் வரும். தேசிய வனவிலங்குப் புகலிடங்களில் இருக்கையைக் கட்ட ஆணி, திருகு அடிப்பது கூட்டாட்சி விதிப்படி தடை. பல மாநில நிலங்களிலும் இதே விதி உண்டு, ஆகவே மரத்தில் திருகி ஏறும் படி லேசானது என்று வாங்கும் முன் அந்த நிலத்தின் விதியைப் படியுங்கள்.

சத்தம்

உலோகம் உலோகத்தில் மோதும் சத்தம் அமைதியான காட்டில் வெகுதூரம் போகும். ஸ்டிக்கிலும் பிளாட்ஃபார்ம் ஓரத்திலும் துணி டேப் ஒட்டுங்கள். பக்கிள் பட்டைக்குப் பதில் கயிறு கட்டினால் எடையும் குறையும், சத்தமும் குறையும். வில்லை முதுகில் மாட்டி ஏறாதீர்கள், மேலே போய்க் கயிறு கட்டித் தூக்குங்கள். அம்பு முனைகள் உறைக்குள் இருக்கட்டும்.

எல்லாம் வாங்கியபின், தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில் பிளாட்ஃபார்மைக் கட்டி, கையுறை போட்டு, இருட்டில், முழு உடையோடு பத்து முறை கட்டிக் கழற்றிப் பாருங்கள். வலக்கையால் எய்பவர் மரத்தின் வலப்பக்கம் திரும்பி எய்வதுதான் சேடிலில் மிகக் கடினம்; அந்தப் பக்கம் வில்லின் கீழ்ப்பகுதி பிரிட்ஜில் இடிக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.