ஓசிடி உள்ள வீட்டில் செய்யக்கூடாதவை: நாங்கள் செய்து பட்டது

ராத்திரி மோட்டாரை நிறுத்தி, கொட்டகையைப் பூட்டி, வரப்பு வழியாக வீடு வந்து சேர்ந்த பிறகும் அண்ணன் டார்ச்சை எடுத்துக்கொண்டு திரும்பப் போவார். "சிவப்பு பட்டனை அழுத்துனேனா?" ஒரே ராத்திரியில் நாலு தடவை. நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊரில் இதைப் பொறுப்பு என்றார்கள், கை கழுவிக்கொண்டே இருந்தால் மடி, ஆசாரம் என்பார்கள், நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம். முதல் தவறு அது. வேண்டாத எண்ணமும் அதை அடக்கச் செய்யும் செயலும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றாலோ, தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தாலோ அது குணம் இல்லை, ஓசிடி என்கிற மனநோய்.

அடுத்தது உதவி என்று நினைத்துச் செய்தது. "நீங்க படுங்கண்ணே, நான் பாத்துட்டு வரேன்" என்று நானே போனேன், அப்புறம் ஸ்டார்ட்டரை செல்போனில் படம் பிடித்து வந்து காட்டினேன். ரெண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர், "இது நேத்து எடுத்ததா இருந்தா?" என்றார். பூட்டியாச்சு என்று ஒவ்வொரு முறை உறுதி சொல்லும்போதும் பயம் கொஞ்ச நேரம் அடங்கும், சரிபார்த்ததால்தான் தப்பித்தோம் என்று மூளை பதிய வைத்துக்கொள்ளும், அடுத்த முறை இன்னும் கூடுதலாகக் கேட்கும். 1966-இல் லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர் எழுதிய சிகிச்சை முறை இதற்கு நேர் எதிர்: பயத்துக்கு முன்னால் நின்று, வழக்கமான செயலைச் செய்யாமல் இருந்து பழகுவது. அதற்காக ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். கோபத்தில் ஒரு நாள் கொட்டகைச் சாவியை ஒளித்து வைத்தேன், விடிய விடிய அழுதார். அவர் சம்மதத்தோடு, சிகிச்சையாளர் சொல்கிறபடி, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

வெளியே தெரியாத ஓசிடியும் உண்டு. பிள்ளை பெற்றவள் அரிவாள்மனையைக் கண்டு, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்று நடுங்குவாள். அந்த எண்ணம் அவள் ஆசை இல்லை, அவளுக்கு அருவருப்பானது என்பதால்தான் அப்படி வதைக்கிறது. "நெனைக்காத" என்று அதட்டினால் இன்னும் அதிகமாகத்தான் வரும்.

மாத்திரையை மூணு வாரத்தில் நிறுத்துவதும் நம்மூரில் சாதாரணம். ஓசிடிக்குப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் வரை ஆகும், அளவும் பெரும்பாலும் மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூட. மனநோய்க்கு வேண்டிக்கொள்ளும் குணசீலம் பெருமாள் கோயிலுக்குப் போய்த் தங்குங்கள், மனசுக்குத் தெம்பாக இருக்கும், மாத்திரையையும் கையோடு எடுத்துப் போங்கள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், தமிழில் பேசலாம்.

எனக்கு இன்றும் உறுத்துவது ஒன்று. "இன்னிக்கு எத்தனை தடவை போனீங்க?" என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். கல்யாணம் கார்த்திகைக்கு வருவதை அவர் விட்டதையோ, பிள்ளைகளிடம் பேச்சு குறைந்ததையோ யாரும் கவனிக்கவில்லை. ஓசிடியோடு மனச்சோர்வும் பலருக்குச் சேர்ந்தே வரும், வாழ்க்கையை அது இன்னும் கீழே இழுக்கும். தடவை குறைந்ததா என்பதோடு, தூங்கினாரா, சாப்பாடு ருசித்ததா, யாரோடாவது சிரித்தாரா என்றும் பாருங்கள்.

போன ஆடிப்பெருக்குக்குப் பிள்ளைகளோடு ஆற்றுக்குக் கிளம்பினார். பாதி வழியில், "பூட்டுனேன்ல?" என்றார். அண்ணி அதற்குப் பதில் சொல்லவில்லை. "பயமா இருக்கா?" என்று தோளைத் தொட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, வண்டியைத் திருப்பாமல் ஓட்டினார்.