ரிக் வேலை: இரண்டு நாட்டுச் சம்பளத்தை ஒரே தாளில் ஒப்பிடுவது எப்படி?

போன மாதம் தேவகோட்டையிலிருந்து என் ஒன்றுவிட்ட தம்பி வந்திருந்தான். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு இரண்டு வருஷமாகப் புதுவயலில் அரிசி ஆலையில் வேலை பார்க்கிறான். கையில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் வேலைக்கு இரண்டு ஆஃபர். "அண்ணே, ஒன்னுல மாசம் 90,000, இன்னொன்னுல நாளைக்கு 6,000. அப்ப ரெண்டாவது இரட்டிப்புதானே?"

நான் பதினோரு வருஷம் ரிக்கில் இருந்தவன். முதல் தடவை போகிற எல்லாரும் இந்த இடத்தில்தான் தடுக்குகிறார்கள். அவனுக்குப் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே எழுதுகிறேன். ஆஃபர் டாலரிலோ ரியாலிலோ இருந்தால் முதலில் ரூபாய்க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: மாதத்தை விடுங்கள், வருஷத்தை எடுங்கள்

ஒரு முழுத் தாளில் நடுவே கோடு போட்டு இரண்டு பத்தியாக்குங்கள். முதல் வரியில் சம்பளத்தை எழுதாமல் ரொட்டேஷனை எழுதுங்கள். அதாவது எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் வீடு.

தம்பியின் முதல் ஆஃபர் பாலைவனத்தில் தரை ரிக். 90 நாள் வேலை, 30 நாள் லீவு, லீவிலும் சம்பளம் உண்டு. வருஷத்துக்கு 10,80,000. வேலை நாள் ஏறக்குறைய 274.

இரண்டாவது கடல் ரிக். 28 நாள் வேலை, 28 நாள் வீடு. ஆனால் அது டே ரேட். ரிக்கில் இருக்கும் நாளுக்கு மட்டும்தான் பணம். வருஷத்துக்கு 182 நாள், ஆக 10,92,000.

இரட்டிப்பு என்று நினைத்தது 12,000 ரூபாய் வித்தியாசத்தில் வந்து நின்றது. அடுத்து, வருஷ வருமானத்தை வேலை நாளால் வகுங்கள். முதலாவதில் ஒரு நாளுக்கு 3,940 சொச்சம், இரண்டாவதில் 6,000. பணம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் இரண்டாவதில் 92 நாள் கூடுதலாக வீட்டில் இருக்கலாம். ரிக்கில் ஷிப்ட் 12 மணி நேரம். மூன்று மாதம் தொடர்ந்து அப்படி நின்று பார்த்தவர்களுக்கு அந்த 92 நாளின் அருமை தெரியும்.

படி 2: கழித்தல்

சாப்பாடும் தங்குமிடமும் பெரும்பாலும் கம்பெனி தரும். விமான டிக்கெட், மெடிக்கல், சான்றிதழ் செலவு யாருடையது என்று கேட்டு எழுதுங்கள். கடல் ரிக்குக்குக் கேட்கும் பாஸியட் என்ற பாதுகாப்பு, அவசரகாலப் பயிற்சியின் சான்றிதழ் 4 வருஷம்தான் செல்லும். துளையிடும் இயந்திரத்தை இயக்கும் டிரில்லருக்கான ஐடபிள்யூசிஎஃப் (கிணற்று அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும்) சான்றிதழ் 2 வருஷம்.

பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். அமீரகத்தில் பணி முடிவில் தரும் கிராஜுவிட்டி முதல் ஐந்து வருஷத்துக்கு, வருஷம் ஒன்றுக்கு 21 நாள் பேசிக் சம்பளம். பேசிக்கைச் சுருக்கி அலவன்ஸை ஊதிக் காட்டினால் அங்கே அடி விழும்.

படி 3: வரி

சவுதி, குவைத், கத்தார், அமீரகம் எதிலும் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. நார்வே கடலில் 2 வாரம் வேலை, 4 வாரம் வீடு என்று கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் அங்கே வரி அதிகம், நம் ஊரிலிருந்து புதிய ஆளாக நேரே நுழைவதும் அரிது.

நம் நாட்டு வரியையும் மறக்காதீர்கள். ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் இங்கே குடியிருப்பவர். வெளிநாட்டுச் சம்பளமும் இங்கே கணக்கில் வரும். 28/28-ல் பாதி வருஷம் வீட்டில்தான் இருப்பீர்கள். ஒரு தடவை ரிக்குக்குத் திரும்புவது பத்து நாள் தள்ளிப்போனாலே அந்த 182 நாள் வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். ஆரம்பச் சம்பளத்தில் பெரிதாகத் தெரியாது, ஏற ஏறத் தெரியும். பாஸ்போர்ட்டில் விழும் முத்திரைத் தேதிகளை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

படி 4: ஏணியைப் பாருங்கள்

எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். நம் பக்கத்து நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்தியபோது, பெட்டியடிப் பையனாகப் போனவன் அடுத்தாளாகி, மேலாளாகவும் ஆக வழி இருந்தது. ரிக்கிலும் கீழிருந்து மேலாக அப்படி ஒரு வரிசை உண்டு: ரவுஸ்டபவுட் (எடுபிடி வேலை), ஃப்ளோர்மேன் (துளையிடும் தளத்தில் குழாய் பிடிப்பவர்), டெரிக்மேன், அசிஸ்டன்ட் டிரில்லர், டிரில்லர், டூல்புஷர் (துளையிடும் பணிக்குப் பொறுப்பாளர்).

டெரிக்மேன் என்றால் கோபுரத்தின் மேலே ஒரு சின்னப் பலகையில் பெல்ட் கட்டி நிற்பவர். 30 அடிக் குழாய் மூன்றைச் சேர்த்த 90 அடி நீளக் கம்பம் கீழிருந்து ஆடிக்கொண்டே எழும்பி வரும். அதன் தலையைப் பிடித்து இழுத்து விரல் போன்ற சட்டத்துக்குள் செருக வேண்டும். எனக்கு முதல் நாள் கை நடுங்கியது, மறுவாரம் பழகிவிட்டது. அந்த ஒரு படி ஏறிய பிறகுதான் என் சம்பளமே நிமிர்ந்தது.

வளைகுடா நாடுகள் தங்கள் மக்களுக்கு வேலையில் ஒதுக்கீடு வைத்திருக்கின்றன; சவுதியில் நிதாகத் திட்டம் 2011-லிருந்து நடக்கிறது. அதனால் இன்டர்வியூவில் இதைக் கேளுங்கள்: "இந்த ரிக்கில் இப்போது அசிஸ்டன்ட் டிரில்லர்கள் எந்த நாட்டுக்காரர்கள்? ஃப்ளோர்மேனாகச் சேர்ந்து அந்த இடத்துக்கு வந்தவர் இருக்கிறாரா?" இருக்கிறார் என்று சொல்லும் கம்பெனி பத்தாயிரம் குறைவாகத் தந்தாலும் நான் அங்கேதான் போவேன்.

படி 5: எண்ணெய் விலை விழுந்தால்?

2014 ஜூனில் பேரல் 110 டாலரைத் தாண்டியிருந்த பிரென்ட் எண்ணெய் (உலகச் சந்தையில் விலைக்கு அளவுகோல்), 2016 ஜனவரியில் 30-க்குக் கீழே போனது. ரிக்குகள் வரிசையாக நிறுத்தப்பட்டன. 2024-ல் சவுதி தன் உற்பத்தித் திறனைக் கூட்டும் திட்டத்தைக் கைவிட்டபோதும் பல கடல் ரிக்குகள் நின்றன. ஆகவே ரிக் நின்றால் எத்தனை நாள் நோட்டீஸ், அதுவரை என்ன சம்பளம் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். வாய்வார்த்தை போதாது.

படி 6: ஏஜென்ட்

கையெழுத்துக்கு முன்னால் மத்திய அரசின் இமைகிரேட் இணையதளத்தில் ஏஜென்டின் பதிவு எண்ணைத் தேடுங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். தம்பியிடம் முதல் ஆஃபரைக் கொண்டுவந்தவர் ஒன்றரை லட்சம் கேட்டிருந்தார், ரசீது கிடையாதாம். தாளில் அந்தப் பத்தியை அவனே குறுக்கே அடித்தான். இரண்டாவது கம்பெனிக்கு, படி 4-ல் உள்ள கேள்வியை எழுதி மெயில் அனுப்பிவிட்டுத்தான் தேவகோட்டைக்குப் பஸ் ஏறினான்.